பில்லும் சரி, கேள்வியும் சரி

1992 கோடையில் ஒருநாள் பஞ்சுக் கமிஷன் மண்டிக்காரர் ஒருவர் எங்கள் கவுன்டருக்கு வந்தார். சலவை வேட்டி, கக்கத்தில் மஞ்சள் பை. பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தது இரண்டு மாத டெலிபோன் பில். பதினோராயிரத்துச் சொச்சம். அதற்கு முந்தின பில் இரண்டாயிரத்தைக்கூடத் தொடவில்லை. எல்லோருக்கும் சொல்லும் பதிலையே அவருக்கும் சொன்னேன். எழுதிக் கொடுங்க, விசாரிப்பாங்க. பழைய சராசரியை ஒட்டி ஒரு தொகையை இப்போதைக்குக் கட்டுங்க. விசாரணையில் திருப்தி இல்லைன்னா டெலிகிராப் சட்டம் 7-பி பிரிவுப்படி நடுவரிடம் போகலாம்.

"நடுவர்னா யாரும்மா?"

"டிபார்ட்மென்ட்லேயே ஒரு ஆபீசரைப் போடுவாங்கய்யா."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "மீட்டரைப் படிக்கிறதும் நீங்க. பில்லு போடுறதும் நீங்க. தீர்ப்புச் சொல்றதும் நீங்க. அப்ப நான் எங்கம்மா போய் நிக்கிறது?"

கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அவருடைய லைனைக் கண்காணிப்பில் போட்டார்கள். வெளியே போன எண்களின் பட்டியல் வந்தது. இரவு பத்தரைக்கு மேல் திருப்பூரில் உள்ள ஒரே எண்ணுக்கு, நாள் தவறாமல், முக்கால் மணி, ஒரு மணி நேரம். மண்டியில் ராத்திரி காவலுக்குப் படுக்கும் பையனுக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண் பழக்கமாகியிருந்தது. பில் ஒரு பைசா பிசகவில்லை. மண்டிக்காரர் முழுத் தொகையையும் கட்டினார், எஸ்.டி.டி.க்கு லாக் போடச் சொல்லி எழுதிக் கொடுத்தார். ஆனாலும் அந்தப் பட்டியலை அவர் கடைசிவரை நம்பவில்லை. "நீங்க அடிச்ச லிஸ்ட்டுதானம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

பில் சரி. அவர் கேட்ட கேள்வியும் சரி. இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும் என்பது எனக்கு உறைக்கப் பல வருஷம் ஆயிற்று. அதற்குள் டெல்லியில் அதே கேள்வியைப் பெரிய பெரிய கம்பெனிகள் பெரிய பெரிய வக்கீல்களை வைத்துக் கேட்க ஆரம்பித்திருந்தன.

நான் 1977-இல், இருபத்திரண்டு வயதில், டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தவள். தென் மாவட்டத்தில் ஒரு நடுத்தர ஊர். பெயர் வேண்டாம், உறவுக்காரர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். டிரங்க் போர்டுக்கு முன்னால் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருப்போம். தலையில் ஹெட்செட், கையில் பித்தளை முனை வைத்த கார்டு. சந்தாதாரர் 180-ஐக் கூப்பிட்டு வெளியூர் கால் பதிவு செய்வார். டிக்கெட் எழுதி அடுக்கி வைப்போம். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று சாதி. அர்ஜென்டுக்கு இரட்டிப்புக் காசு, லைட்னிங்குக்கு எட்டு மடங்கு. லைட்னிங் டிக்கெட் எழுதும்போதே தெரிந்துவிடும், எங்கோ சாவு அல்லது பெரிய நஷ்டம். நள்ளிரவில் ஆஸ்பத்திரியிலிருந்து பேசுபவரின் மூச்சை நாங்கள்தான் முதலில் கேட்போம்.

அன்றைக்கு 'கம்பெனி' என்ற நினைப்பே எங்களுக்குக் கிடையாது. 'டிபார்ட்மென்ட்' என்றுதான் சொல்வோம். அந்தச் சொல்லில் கொஞ்சம் கர்வமும் இருந்தது. இந்தியாவில் டெலிபோன் பிறந்ததே கம்பெனி வீட்டில்தான் என்பது பரீட்சைக்குப் படிக்கும்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. 1882 ஜனவரியில் கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று ஊரிலும் எக்ஸ்சேஞ்ச் திறந்தது ஓரியண்டல் டெலிபோன் கம்பெனி என்ற தனியார் நிறுவனம். வெள்ளைக்கார வியாபாரிகளும் சில அரசு அலுவலகங்களும் அதன் வாடிக்கை. மூன்று வருஷம் கழித்து, 1885-இல், இந்திய டெலிகிராப் சட்டம் வந்தது. அதன் நான்காவது பிரிவைத்தான் நான் இந்தத் துறையின் பிள்ளையார் சுழி என்பேன். கம்பி வழியாகச் செய்தி அனுப்பும் உரிமை முழுக்க அரசாங்கத்துக்கே உரியது, வேறு யாராவது செய்ய வேண்டுமானால் அரசாங்கம் மனது வைத்து உரிமம் தர வேண்டும் என்று அது சொன்னது. தந்தியைக் கையில் வைத்திருந்தவன் ராஜ்யத்தைக் கையில் வைத்திருந்த காலம் அது. வெள்ளைக்காரனுக்கு அந்தப் பிரிவு எதற்குத் தேவைப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை. 1943-இல் அந்த மூன்று பெருநகரங்களின் டெலிபோன் கம்பெனிகளையும் அரசாங்கமே வாங்கிக்கொண்டது. வெள்ளைக்காரன் போனான், நான்காவது பிரிவு போகவில்லை.

மண்டிக்காரரிடம் நான் சொன்ன 7-பி சுதந்திர இந்தியா சேர்த்தது. லைன், கருவி, பில் என்று எதைப் பற்றித் தகராறு வந்தாலும் மத்திய அரசு நியமிக்கும் நடுவர் தீர்ப்பார், அவர் சொன்னதே முடிவு, எந்தக் கோர்ட்டிலும் அதைக் கேள்வி கேட்க முடியாது. துறைக்காரர்கள் இதைக் கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. அரசாங்கமும் டெலிபோனும் ஒன்று, அரசாங்கமும் ஜனங்களும் ஒன்று, ஆகவே டெலிபோனும் ஜனங்களும் ஒன்று. கணக்கு அப்படித்தான் ஓடியது. நானும் அந்தக் கணக்கைப் போட்டவள்தான்.

ஆபரேட்டர் இல்லாமல் நேரே வெளியூருக்கு டயல் செய்யும் எஸ்.டி.டி. வந்ததும் டிரங்க் போர்டில் ஆள் குறைந்தது. எண்பதுகளின் கடைசியில் என்னை டி.ஆர். பிரிவுக்கு மாற்றினார்கள். டெலிபோன் வருவாய்க் கணக்கு. பழைய ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்சில் ஒவ்வொரு சந்தாதாரருக்கும் ஒரு சின்ன மீட்டர், தீப்பெட்டி அகலத்துக்கு. சுவர் முழுக்க நூற்றுக்கணக்கில். அவற்றை அப்படியே போட்டோ பிடித்து, பிலிமைக் கழுவி, கண்ணாடியில் வைத்து எண் எண்ணாகப் படித்து ஏட்டில் ஏற்றுவோம். இந்த ஏடுதான் எனக்குப் பொருளாதாரம் கற்றுக்கொடுத்தது. பக்கம் பக்கமாகப் புரட்டினால் வாடகையும் நாலு லோக்கல் காலும்தான் வரும். திடீரென்று ஒரு மில், ஒரு லாரி ஆபீஸ், ஒரு நூல் வியாபாரி. அந்த ஒரு வரி முழுப் பக்கத்தையும் தூக்கி நிறுத்தும். எஸ்.டி.டி. பேசுகிறவர் காசில்தான் ரிட்டயர்டு வாத்தியார் வீட்டுப் போன் ஓடியது, கிராமத்துப் பொதுப் போனும் ஓடியது. இது பின்னால் வரப்போகும் சண்டைக்கெல்லாம் அடிவேர். அதனால்தான் நின்று சொல்கிறேன்.

தபாலும் தந்தியும் 1985-இல் பிரிந்தன, தொலைத்தொடர்புத் துறை தனியாயிற்று. அடுத்த வருஷம் டெல்லி, பம்பாய் இரண்டும் மகாநகர் டெலிபோன் நிகாம், அதாவது எம்.டி.என்.எல்., என்ற அரசுக் கம்பெனியின் கைக்குப் போயின. மற்ற ஊரெல்லாம் எங்களிடம். 1994 மே மாதம் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை வந்தபோது நாடு முழுக்க இருந்தது சுமார் 80 லட்சம் லைன். காத்திருப்போர் 25 லட்சம் பேர். நூறு பேருக்கு ஒரு போன்கூட இல்லை, 0.8 தான். உலகச் சராசரி பத்து. அந்தக் கொள்கைக் காகிதத்திலேயே அச்சடித்திருந்த எண்கள் இவை. தனியாரை உள்ளே விட இதைவிட வலுவான வாதம் யாரும் எழுதியிருக்க முடியாது. எழுதியது நாங்களேதான்.

தனியார் வந்த விதம் வேறு கதை. 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த தொலைத்தொடர்பு மந்திரி சுக்ராமுக்குச் செல்போனில் பேசினார். சென்னையிலும் ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. இரண்டும் வந்தன. நிமிஷத்துக்கு 16 ரூபாய் 80 பைசா வரை. உள்ளே வரும் காலுக்கும் காசு. லேண்ட்லைன் உரிமத்துக்கு நடந்த ஏலத்தில் ஒரு கம்பெனி ஒன்பது தொலைத்தொடர்பு வட்டங்களுக்கு 85,000 கோடி ரூபாய் கேட்டு நாட்டையே வாய்பிளக்க வைத்தது. ஒருவருக்கு இத்தனை வட்டம்தான் என்ற வரம்பு அதற்குப் பிறகு வந்தது. மறு வருஷம் ஆகஸ்டில் சுக்ராம் வீடுகளில் சி.பி.ஐ. 3.6 கோடி ரூபாய் ரொக்கமாக எடுத்தது. எங்கள் கேன்டீனில் ஒரு வாரம் வேறு பேச்சு இல்லை.

அந்தச் சத்தத்தில் அதிகம் பேர் கவனிக்காத ஒன்று உண்டு. 1996 பிப்ரவரியில், டெல்லி சயின்ஸ் ஃபோரம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கொள்கையில் தலையிட மறுத்தது. ஆனால் சுதந்திரமான ஒழுங்குமுறை அமைப்பு ஒன்று வேண்டும் என்பதை அழுத்திச் சொன்னது. காரணம் எளிது. தொலைத்தொடர்புத் துறை ஒரே சமயத்தில் நான்கு வேஷம் கட்டியிருந்தது. கொள்கை வகுப்பது அது, உரிமம் கொடுப்பது அது, கட்டணம் நிர்ணயிப்பது அது, கடை வைத்துப் போன் விற்பதும் அது. எதிர்க்கடைக்காரன் அதனிடம்தான் உரிமம் வாங்க வேண்டும், அதன் எக்ஸ்சேஞ்சோடுதான் தன் கம்பியை இணைக்க வேண்டும், அது சொன்ன இணைப்புக் கட்டணத்தைத்தான் கட்ட வேண்டும். மண்டிக்காரரின் கேள்விதான் இது, தொகைதான் வேறு.

1997 பிப்ரவரி 20 அன்று டிராய் பிறந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். முதல் தலைவர் நீதிபதி எஸ்.எஸ். சோதி, அலகாபாத் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தவர். இது தற்செயல் இல்லை. தலைவர் உச்ச நீதிமன்ற நீதிபதியாகவோ உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாகவோ இருந்தவராக இருக்க வேண்டும் என்று சட்டமே சொன்னது. பதவியைத் தவறாகப் பயன்படுத்தினார் என்று சொல்லி அவரை இறக்க வேண்டுமானால் முதலில் உச்ச நீதிமன்றம் விசாரிக்க வேண்டும். ஓய்வுக்குப் பிறகு அரசு வேலை எதையும் ஏற்கக் கூடாது. மூன்று பூட்டு. அந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆபீஸ் நோட்டீஸ் போர்டுக்கு முன்னால் கிளைச் செயலாளர் நின்று கேட்டது ஞாபகம் இருக்கிறது. "மேட்ச் ஆடுறது நாம. அம்பயரை எதுக்குத் தோழர் வெளியிலேர்ந்து கூட்டிட்டு வர்றாங்க?" எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் மஞ்சள் பை ஞாபகத்துக்கு வந்தது.

அம்பயர் முதல் ஓவரிலேயே விசில் ஊதினார் (அம்பயர் விசில் ஊதுவதில்லை என்று என் பேரன் திருத்துகிறான், இருக்கட்டும்). லேண்ட்லைனிலிருந்து செல்போனைக் கூப்பிட்டால் ஆகும் கட்டணத்தைத் துறை உயர்த்தியிருந்தது. அந்த வருஷம் ஏப்ரலில் டிராய் அதைத் தள்ளிவிட்டது. அரசுத் துறையைப் பார்த்து இன்னோர் அரசு அமைப்பு 'உனக்கு அந்த அதிகாரம் இல்லை' என்று சொன்னதை நாங்கள் அதற்குமுன் பார்த்ததே இல்லை. அடுத்து பெரிய இடி. டெல்லியிலும் மும்பையிலும் எம்.டி.என்.எல். தானே செல்போன் சேவை தொடங்கத் துறை வழிவிட்டது. கோடி கோடியாக உரிமக் கட்டணம் கட்டி வந்த தனியார்கள் டிராயிடம் ஓடினார்கள். தன் பரிந்துரை இல்லாமல் இதைச் செய்ய முடியாது என்றது டிராய், 1998 பிப்ரவரியில். துறை டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஜூலையில் தீர்ப்பு. உரிமம் தருவது அரசாங்கத்தின் உரிமை, பரிந்துரையைக் கேட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நான்காவது பிரிவு 113 வயதிலும் எழுந்து நடந்தது.

1999 மார்ச்சில் டிராய் கட்டண ஆணை போட்டது. இந்த இடத்தில் என் ஏடு உள்ளே வருகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பகலில் எஸ்.டி.டி. பேசினால் நிமிஷத்துக்கு 37 ரூபாய் 80 பைசா இருந்தது, அதை 30 ரூபாயாகக் குறைத்தார்கள். இன்னும் படிப்படியாகக் குறையும் என்றார்கள். மறுபக்கம் மாத வாடகை ஏறும். லாரி ஆபீஸ் காசில் வாத்தியார் பேசியது போதும், அவரவர் செலவை அவரவர் கட்டட்டும் என்பது தத்துவம். அதில் நியாயம் உண்டு. ஆனால் வாத்தியாரை எனக்குத் தெரியும், லாரி ஆபீஸ் முதலாளியையும் தெரியும். பஸ் ஸ்டாண்ட் எஸ்.டி.டி. பூத்தில் கட்டணம் பாதி, மூன்றில் ஒன்று, கால் என்று இறங்கும் ராத்திரி நேரத்துக்காக வாட்சைப் பார்த்துக்கொண்டு வரிசையில் நிற்கும் பெண்களையும் தெரியும். அந்த ஆணையை நான் இரண்டு மனதோடுதான் வாசித்தேன், இன்றும் எனக்கு ஒரே மனது வரவில்லை.

அதே வருஷம் டிராய் இன்னொன்று செய்யப் போனது. செல்போனுக்கு வரும் காலுக்குக் கூப்பிடுகிறவரே காசு கட்டட்டும், கேட்கிறவருக்கு இலவசம். இன்று குழந்தைக்கும் இயல்பாகத் தெரியும் இந்த ஏற்பாட்டை எதிர்த்து எம்.டி.என்.எல். வழக்குப் போட்டது. 2000 ஜனவரி நடுவில் டெல்லி உயர் நீதிமன்றம் டிராயின் ஆணையை ரத்து செய்தது. உரிமத்தில் எழுதியிருக்கும் வருவாய்ப் பங்கீட்டை மாற்ற அதற்கு அதிகாரம் இல்லை. அரசுக் கம்பெனி வழக்குத் தொடுத்து அரசு நியமித்த அம்பயரைத் தோற்கடித்தது. ஈரம் காய்வதற்குள், ஜனவரி 24 அன்று, அவசரச் சட்டம் வந்தது. டிராயின் தலைவரும் உறுப்பினர்களும் பதவியை விட்டு இறங்க வேண்டும். காலம் முடியும் முன்னே இறக்குவதற்கு இழப்பீடாக மூன்று மாதச் சம்பளத்துக்கு மிகாமல் கேட்டுக்கொள்ளலாம்.

மூன்று மாதச் சம்பளம் என்ற வரியை நான் இரண்டு தடவை படித்தேன். தினக்கூலி மஸ்தூரைக்கூட நோட்டீஸ் கொடுத்துத்தான் நிறுத்துவோம்.

நேர்மையாகச் சொன்னால் அந்தத் திருத்தம் முழுக்க மோசம் இல்லை. வழக்கைத் தீர்க்கும் வேலையை டிராயிடமிருந்து பிரித்து டி.டி.சாட் என்ற தனித் தீர்ப்பாயத்திடம் கொடுத்தது. அரசாங்கத்துக்கும் உரிமம் வாங்கியவருக்கும் இடையிலான தகராறும் அங்கே போகலாம். புது உரிமம் தரும் முன் டிராயின் பரிந்துரையைக் கேட்டே ஆக வேண்டும் என்று எழுதியது. 1998 தீர்ப்பு பறித்ததைத் திருப்பிக் கொடுத்தது. ஆனால் அந்தப் பரிந்துரை அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தாது. நீதிபதிதான் தலைவராக வேண்டும் என்ற விதியை எடுத்தது. உச்ச நீதிமன்ற விசாரணை என்ற பூட்டையும் எடுத்தது, அரசாங்கமே வாய்ப்புக் கொடுத்து விளக்கம் கேட்டு நீக்கிவிடலாம். கொள்கை பற்றி டிராய்க்கு அரசு உத்தரவிடும் 25-ஆவது பிரிவு முன்னே இருந்தபடியே இருந்தது. புதிய தலைவர் எம்.எஸ். வர்மா, ஸ்டேட் வங்கித் தலைவராக இருந்தவர். அவருக்குப் பிறகு வந்தவர்கள் அனைவரும் அரசு அதிகாரிகளாக வேலை பார்த்தவர்கள். அவர்களில் கெட்டிக்காரர்கள் இருந்தார்கள், துணிந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் முப்பது வருஷம் செயலாளருக்குக் குறிப்பு எழுதிப் பழகிய கை, ஓய்வுக்குப் பிறகு அதே செயலாளருக்கு எதிராகக் கையெழுத்துப் போடுவது பெரிய காரியம். நானும் குறிப்பு எழுதிய கைதான், அதனால் சொல்கிறேன். பல வருஷம் டிராயின் டெல்லி முகவரியே 'மகாநகர் தூர்சஞ்சார் பவன்' என்பதை நான் ஒரு வேடிக்கையாகத்தான் குறித்து வைத்திருக்கிறேன். வேறொன்றும் சொல்லவில்லை.

எங்கள் முறையும் வந்தது. கடை நடத்தும் வேலையைத் துறையிலிருந்து பிரித்து 2000 அக்டோபர் 1 முதல் பாரத் சஞ்சார் நிகாம், பி.எஸ்.என்.எல். செப்டம்பரில் நாடு முழுக்க வேலைநிறுத்தம். மூன்று சம்மேளனங்களும் சேர்ந்தன. எங்களுக்கு இருந்த ஒரே பயம் பென்ஷன். கம்பெனி நாளைக்கு முழுகினால் யார் தருவது? அரசாங்கமே தரும் என்று பென்ஷன் விதிகளில் 37-ஏ சேர்த்து உத்தரவு வந்தது செப்டம்பர் 30 அன்று, கம்பெனி வேலையை ஏற்பதற்கு முந்தின நாள். தொழிற்சங்கம் வாங்கிக் கொடுத்த அந்த ஒரு விதியில்தான் நான் இன்றும் சாப்பிடுகிறேன். அந்த விதத்தில் நான் சுதந்திரமான ஆள் கிடையாது, வாசகர் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கட்டணம் ஏற்கெனவே டிராயிடம் போயிருந்தது, இப்போது கடை வேஷமும் துறையிடமிருந்து கழன்றது. கொள்கையும் உரிமமும் அரசாங்கத்திடமே. பி.எஸ்.என்.எல். பங்கு முழுவதும் அதன் கையில். நாங்கள் இன்னும் பெரிய யானைதான். 2003 மே முதல் உள்வரும் கால் இலவசமாயிற்று. மூன்று வருஷம் முன்பு கோர்ட்டில் செத்தது வேறு பெயரில் உயிர்த்து வந்தது. கூடவே தனியார் கம்பெனிகள் எங்களுக்கு ஒரு தொகை கட்ட வேண்டும் என்று டிராய் விதித்தது. ஏ.டி.சி. என்பார்கள். கிராமத்து லேண்ட்லைன் நஷ்டத்தை ஈடுகட்ட, முதல் வருஷங்களில் ஆண்டுக்கு ஐயாயிரம் கோடிக்கு மேல். தனியார்கள் கூச்சல் போட்டார்கள்: டிராய் அரசுக் கம்பெனிக்குத் தாரை வார்க்கிறது. பிறகு டிராய் அதை வருஷா வருஷம் குறைத்து 2008-இல் முடித்து வைத்தது. அப்போது நாங்கள் கூச்சல் போட்டோம்: டிராய் தனியார் பக்கம் சாய்ந்துவிட்டது. கிளைச் செயலாளர் மாறியிருந்தார், நோட்டீஸ் போர்டு அதே நோட்டீஸ் போர்டு.

நான் 2015-இல் ஓய்வு பெற்றேன். அடுத்த வருஷம் செப்டம்பர் 5, ஜியோ. பேச்சு இலவசம், டேட்டாவும் முதல் சில மாதங்கள் இலவசம். தன் நெட்வொர்க்குக்குப் போதுமான இணைப்பு முனைகளைப் பழைய கம்பெனிகள் தரவில்லை என்று ஜியோ புகார் சொன்னது. அக்டோபரில் ஏர்டெல், வோடஃபோன், ஐடியா மூன்றுக்கும் சேர்த்து 3,050 கோடி அபராதம் போடச் சொல்லி டிராய் பரிந்துரைத்தது. இருபது வருஷம் முன்பு எங்கள் எக்ஸ்சேஞ்ச் வாசலில் கம்பியோடு நின்றவர்கள் இப்போது கதவுக்கு உள்ளே நின்றார்கள். மறு வருஷம் அக்டோபரிலிருந்து ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் காலுக்குக் கட்டும் தொகை நிமிஷத்துக்கு 14 பைசாவிலிருந்து 6 பைசா ஆனது. புதிதாக வந்தவருக்கு இது லாபம், பழையவர்களுக்கு நஷ்டம். டிராய் ஒரு பக்கம் சாய்கிறது என்றார்கள். தன் கணக்கு வெளிப்படையானது, காலத்துக்கு ஏற்றது என்றது டிராய்.

2018 பிப்ரவரியில் வந்த கட்டண ஆணைதான் என் கணக்குப்பிள்ளை மூளைக்கு மிகவும் பிடித்த புதிர். எதிரியை ஒழிக்க விலையை அடக்கத்துக்குக் கீழே இறக்குவது தவறு. ஆனால் அந்தத் தவறைச் சந்தையில் கணிசமான பலம் உள்ளவர்தான் செய்ய முடியும். பலம் உள்ளவர் யார்? டிராய் புது அளவுகோல் சொன்னது. முன்பு நெட்வொர்க்கில் ஓடும் போக்குவரத்தின் அளவும் கணக்கில் வந்தது, இப்போது அதை எடுத்துவிட்டார்கள். நாட்டின் டேட்டாவில் பெரும்பங்கை ஒரே நெட்வொர்க் சுமந்துகொண்டிருந்த சமயம். அந்த ஆண்டு டிசம்பரில் டி.டி.சாட் அந்தப் பகுதியை ரத்து செய்தது. உள்நோக்கம் உண்டா என்று எனக்குத் தெரியாது, எடைக்கல்லை மாற்றிய நேரம் மட்டும் தெரியும். அதற்குள் சந்தை தீர்ந்துவிட்டது. பத்துக்கும் மேலிருந்த கம்பெனிகள் மூன்று தனியாரும் அரசுக் கம்பெனிகளுமாகச் சுருங்கின. பின்னாளில் கைபேசி இணைப்புகளில் பத்துக்கு நான்கு ஜியோவிடம் சேர்ந்தது. 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் பி.எஸ்.என்.எல்.லிலிருந்து 78,000-க்கும் மேற்பட்டவர்கள் விருப்ப ஓய்வில் போனார்கள். என்னோடு டிரங்க் போர்டில் உட்கார்ந்தவர்களின் தங்கைகளும் அதில் உண்டு.

மூன்றாவது பூட்டைச் சொல்ல மறந்துவிட்டேன். 2014 மே கடைசியில், புது அரசாங்கம் பதவியேற்ற சில நாட்களில், ஓர் அவசரச் சட்டம் வந்தது. டிராயின் தலைவராக இருந்த நிருபேந்திர மிஸ்ராவைப் பிரதமரின் முதன்மைச் செயலாளராக்க வேண்டும், சட்டம் குறுக்கே நின்றது, சட்டத்தை மாற்றினார்கள். அவர் டிராயை விட்டு ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அவர் நேர்மையைப் பற்றி இங்கே கேள்வியே இல்லை. ஆனால் நடுவர் நாற்காலியில் இருப்பவர் இனிமேல் அடுத்த நாற்காலியை நினைக்கலாம் என்று சட்டம் அனுமதித்துவிட்டது. 2023 டிசம்பரில் 1885 சட்டத்துக்குப் பதிலாகப் புதுத் தொலைத்தொடர்புச் சட்டம் வந்தபோது, தனியார் துறையில் நீண்ட அனுபவம் உள்ளவரும் டிராய் தலைவராகலாம் என்று சேர்த்தார்கள்.

7-பி என்ன ஆயிற்று? 2009-இல் உச்ச நீதிமன்றம், அந்தப் பிரிவு இருக்கும்வரை டெலிபோன் பில் தகராறுக்கு நுகர்வோர் மன்றத்துக்குப் போக முடியாது என்றது. பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் அதுதான் நிலைமை. 2022 பிப்ரவரியில் அதே நீதிமன்றம், தாராளமாகப் போகலாம் என்றது. மண்டிக்காரர் என்னிடம் கேட்டு முப்பது வருஷம்.

2024 ஜூலை முதல் வாரத்தில் மூன்று தனியார்களும் ஒருவர் பின் ஒருவராக, ஓரிரு நாள் இடைவெளியில், ரீசார்ஜ் கட்டணத்தைப் பத்து முதல் இருபத்தைந்து சதவீதம் வரை ஏற்றினார்கள். கைபேசிக் கட்டணத்தைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று டிராய் கைவிட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த மாதம் மட்டும் பி.எஸ்.என்.எல்.லுக்கு நிகரமாகச் சுமார் 29 லட்சம் பேர் கூடினார்கள். நான் பாங்கிக்குப் போகும் வழியில் எங்கள் பழைய வாடிக்கையாளர் சேவை மையம். வாசலுக்கு வெளியே வரிசை. இத்தனை நீளமான வரிசையை அந்த வாசலில் நான் பார்த்தது தொண்ணூறுகளில், புது லைனுக்கு விண்ணப்பம் கொடுத்த காலத்தில்.

வரிசையின் கடைசியில் நின்ற பெண் என்னை அங்கே வேலை பார்ப்பவள் என்று நினைத்துவிட்டாள். "அம்மா, இங்க ரீசார்ஜ் இருபத்தெட்டு நாளா, முப்பது நாளா?"

இருபத்தெட்டு நாள் என்றால் வருஷத்துக்குப் பதின்மூன்று ரீசார்ஜ். அந்தக் கணக்கைப் பற்றித்தான் ஜனங்கள் டிராயிடம் முறையிட்டார்கள், 2022 ஜனவரியில் ஒவ்வொரு கம்பெனியும் முப்பது நாள் திட்டம் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று டிராய் ஆணை போட்டது. ஒன்றாவது என்றது, எல்லோரும் ஒன்று வைத்தார்கள். இதையெல்லாம் அவளிடம் சொல்ல ஆரம்பித்தால் பாங்கி மூடிவிடும். "ரெண்டும் இருக்கும்மா, கவுன்டர்ல கேளு" என்றேன்.